தலை கிள்ளிய வியாசங்கள்

பரீட்சை அறையின் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவள் பாக்கியம். மூக்கின் நுனியில் மை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது; தாழ்வாரம் முழுக்கச் சாரல். அவள் நேராக என்னிடம் வந்து, கல்யாணச் சேதி சொல்லுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“தலையக் கிள்ளிட்டேங்க்கா. வால மட்டும் விட்டுட்டேன்.”

“அடி பாவி” என்றேன். அவள் சிரித்தபடி தாவணி முனையால் மூக்கைத் துடைத்தாள். மை கன்னம் வரைக்கும் இழுபட்டது.

இது என்ன கருவாட்டுப் பேச்சு என்று கேட்பீர்கள். கருவாட்டுப் பேச்சேதான். போன வாரம் கல்லூரிச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “அங்கே தின்றதைத் தவிர வேறு ஒன்றுமே செய்யவில்லையா?” என்று கேட்டிருக்கிறார். செய்தோம் அம்மா. வியாசம் எழுதினோம். அந்தக் கூத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நொண்டி வகுப்பு

எங்கள் கல்லூரி இருந்த மலைநாட்டுப் பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. பண்டாரவளையில் இறங்கி, அங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். மலையைக் குடைகிறார்கள், இதோ வந்துவிடும் என்று கடைவீதியில் எந்நேரமும் ரயில் பேச்சாகவே இருந்த காலம்.

கல்லூரி என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு வகுப்பறை, ஒரு சாப்பாட்டு அறை, வெளியூர்ப் பெண்கள் தங்க ஒரு கூடம், பின்னால் ஒரு சமையற்கட்டு. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயினிகளைத் தயார் செய்ய ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நடத்திவந்த இடம். படிப்பு இரண்டு வருஷம். முதல் வருஷக் கடைசியில் வியாசப் பரீட்சையில் தேறினால் இரண்டாம் வருஷம். தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மற்றப் பாடங்களில் முன்னே பின்னே இருந்தாலும் மிஸ்ஸியம்மா கண்டுகொள்ள மாட்டார். வியாசத்தில் மட்டும் அவரிடம் எந்தச் சமாதானமும் செல்லாது.

நான் இரண்டாம் வருஷத்துக்காரி. கடைவீதியில் எங்கள் அப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. அதற்காக என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் வியாசத்தில் எனக்குப் பின்னால்தான் நின்றார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் முழுக்க இறங்கிவிடவில்லை.

ஒருநாள் மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு, முதல் வருஷத்தில் சில பெண்கள் வியாசத்தில் தத்தளிக்கிறார்கள், சனிக்கிழமை பிற்பகல்களில் அவர்களோடு உட்கார்ந்து உதவி செய் என்றார். பாடம் நடத்த வேண்டாம், அது பண்டிதரின் வேலை, நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றும் சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயர் துணை வகுப்பு. பெண்கள் மறுநாளே அதை நொண்டி வகுப்பு ஆக்கிவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நானும் ஒரு வகுப்புக்கு அதிகாரி என்றேன். முதலில் அடுப்பைப் பார் என்றார் அம்மா.

பசு வேண்டும்

முதல் சனிக்கிழமை சாப்பாட்டு அறையில் நாலு பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். மேசையில் இன்னும் ரசம் மணத்தது. பண்டிதர் அந்த வாரம் ‘பசு’ என்று தலைப்புக் கொடுத்து, நாலு பேருக்கும் முட்டை போட்டிருந்தார். நான் பாக்கியத்தின் தாளை எடுத்துப் படித்தேன்.

‘மகாராஜராஜஸ்ரீ பண்டிதர் ஐயா அவர்கள் சமூகத்திற்கு, நமுனுகுல தோட்டத்துப் பாக்கியம் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். பசுவானது மிகவும் சாதுவான பிராணி. எங்கள் லயத்தில் முன்பு ஒரு பசு இருந்தது. அது பள்ளத்தில் விழுந்து செத்துப்போனதால் கைப்பிள்ளைகளுக்குப் பால் இல்லாமல் இருக்கிறது. ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து…’

பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் பசு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் சமையற்காரி எட்டிப் பார்த்தாள். பாக்கியம் சிரிக்கவில்லை. “அந்தப் பசு மெய்யாலுமே செத்துப்போச்சுங்க்கா” என்றாள்.

மற்ற மூன்று தாள்களையும் பார்த்தேன். எல்லாம் அதே கதை. பெரகலையிலிருந்து வந்த கடைக்காரர் மகள், சந்தியில் கட்டாக்காலி மாடுகளின் தொல்லையைத் தீர்க்கும்படி கேட்டிருந்தாள். இன்னொருத்தி பசுவை விட்டுவிட்டுத் தன் மாமனுக்கு வேலை கேட்டிருந்தாள். அவளை அடிப்பதா, மெச்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீலப் பென்சில்

ஏன் இப்படி என்று கேட்டேன். பாக்கியம்தான் சொன்னாள். தொழிலாளிகள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், அன்றிலிருந்து ஊர் மனு முழுக்க அந்தப் பிள்ளை தலையில். துரைக்கு, டாக்டருக்கு, சர்க்கார் கச்சேரிக்கு. கூரை ஒழுகுகிறது, தண்ணீர் பிடிக்கிற பீலியில் ஒரு சொட்டும் வரவில்லை, கங்காணி ஏசுகிறார். அவள் எட்டு வயதிலிருந்து எழுதுகிறாள். கேட்பதற்கு அல்லாமல் வேறு எதற்காகவும் அவள் ஒரு வரி எழுதியது கிடையாது.

இங்கே கச்சேரி வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கச்சேரிக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள்தான். வாசல் மரத்தடியில் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மனு எழுதிக்கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மனு உள்ளே போகும். பல நாள் கழித்து வெளியே வரும். ஓரத்தில் நீலப் பென்சிலால் ‘ஆவன செய்க’ என்று இருந்தால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம். அப்படிக் கிடைத்தவர்கள் எங்கள் கடையில் அன்றைக்கு நல்ல மாசிக்கருவாடாகப் பார்த்து வாங்குவார்கள்.

அந்த நீலப் பென்சிலைப் பல வருஷம் பிடித்திருந்த ஒரு பெரியவர்தான் பிற்பாடு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக வந்தார். எங்கள் வியாசத் தாள்களைத் திருத்துகிறவரும் அவர்தான். நாற்காலி மாறியதே தவிர, பென்சில் மாறவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு விரல்

நான் என்ன செய்தேன்? மகாராஜராஜஸ்ரீயை அடி, க்ஷேமத்தை அடி, ஆகையாலை அடி, ஒன்றையும் கேட்கக் கூடாது, பசுவைப் பற்றி மட்டும் எழுது என்று உத்தரவு போட்டேன். நாலு பேரும் தலையாட்டினார்கள். எழுதியும் கொடுத்தார்கள்.

‘பசுவுக்கு நாலு கால். பசு புல் தின்னும். பசு பால் தரும். பசு நல்லது.’

அவ்வளவுதான். செத்த பசு இதைவிட உயிரோடு இருந்தது. பல வாரம் இப்படியே போயிற்று. தலைப்பு ரயில் என்றால் ‘ரயில் நீளமானது.’ மலை என்றால் ‘மலை உயரமானது.’ எனக்கு அழுகை வந்தது. பண்டிதர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “முந்தி வாலும் தலையும் இருந்தது. இப்ப ஒண்டும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் பாக்கியத்தின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. முதல் வருஷத்தில் தேறாவிட்டால் திரும்பி வந்து பெரட்டில் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். விடியற்காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் ஒருமுறை பெயர் ஏறினால், அப்புறம் கூடையும் மலையும்தான். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் ஆறு வாய். ஒரு வருஷம் பொறுத்ததே பெரிது.

பாக்கியம் இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. “எங்க தோட்டத்துல வண்டிக் கொட்டகையிலதாங்க்கா பள்ளிக்கூடம். படிச்சுக் குடுக்க ஆளில்ல. நா வருவேன்னு புள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தேன். நெத்தலிக் கருவாட்டுக்கு வேலை லேசு. தலையைக் கிள்ளு, வாலைக் கிள்ளு, நடுத்துண்டைச் சட்டியில் போடு. விரல் முழுக்க உப்பு. கிள்ளிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன்.

தலையும் வாலும் இல்லாத மீனைக் கடலில் யாராவது பிடிக்க முடியுமா? முழு மீனாகப் பிடித்துக்கொண்டு வந்து, அப்புறம் அல்லவா கிள்ள வேண்டும்?

திங்கட்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுமை ஏது? கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினேன். அம்மா பின்னாலிருந்து என்னவோ கத்தினார். கடைவீதியைத் தாண்டி, மேட்டில் ஏறி, கல்லூரி வாசலுக்குப் போகும்போது மூச்சு வாங்கியது. நாலு பேரும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“விண்ணப்பமாவே எழுதுங்கடி” என்றேன். “மகாராஜராஜஸ்ரீயும் போடுங்க, என்னா வேணுமோ அதையும் கேளுங்க. எழுதி முடிச்சப்புறம் தலையையும் வாலையும் கிள்ளிப் போட்டுட்டு நடுத்துண்ட மட்டும் பண்டிதர்கிட்டக் குடுங்க.”

அவர்களுக்குப் புரிவதற்குமுன் மூக்கில் பட்டது நெத்தலி வாசம். பெரகலைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

நொண்டாதவர்களும் வந்தார்கள்

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு அறையில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. தலைப்பு ‘ஆறு’. பேனாக்கள் நிற்கவே இல்லை. ஒருத்தி பாலம் கேட்டாள். ஒருத்தி துணி துவைக்கப் படித்துறை கேட்டாள். கேட்பதற்காக ஆற்றின் ஆழத்தைச் சொன்னார்கள், வெள்ளம் வந்த நாளைச் சொன்னார்கள், அடித்துக்கொண்டு போன ஆட்டின் நிறத்தைச் சொன்னார்கள். பிறகு தலையையும் வாலையும் அடித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஓர் ஆறு!

பண்டிதர் நாலு பேருக்கும் மார்க் போட்டார். ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் அது பாராட்டு.

சில வாரத்தில் மற்றப் பெண்களும் தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து உட்கார ஆரம்பித்தார்கள். என் வகுப்புத் தோழிகளே, என்னைக் கருவாட்டுக்காரி என்றவர்களே, “காமு, இந்தத் தலையை எங்கே கிள்ளுவது பார்” என்று தாளை நீட்டினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாங்கிப் படித்து, இங்கே எனக்குத் தெரியவில்லை, இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். சத்தம் தாங்காமல் மிஸ்ஸியம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனார்.

பாக்கியத்துக்கு மட்டும் ஒரு பிணக்கு இருந்தது. தலையைக் கிள்ளிவிடுவாள். வாலுக்கு வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

“எதயும் கேக்காம எதுக்குங்க்கா எழுதணும்?” என்பாள்.

பரீட்சை என்றால் அப்படித்தான் என்பேன். அவள் வேண்டாவெறுப்பாக அடிப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள், தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். தலைமேல் கை வைத்து, “தலையக் கிள்ளிருவேன்” என்று சத்தியம் செய்தாள். வாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

மார்க் எங்கே?

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் கொடுத்த தலைப்பு ‘மழைக்காலம்’. அதை எழுதிவிட்டுத்தான் மூக்கில் மையோடு வெளியே வந்து, வாலை விட்டுவிட்டேன் என்றாள். என்ன கேட்டாய் என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மிஸ்ஸியம்மாவின் அறையில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தினார். தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கிற வேலையை நான் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். நீலப் பென்சில் ஒவ்வொரு தாளிலும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தது. ஒரு தாளில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரி முழுக்க ஓடியது. பாக்கியத்தின் கையெழுத்து எனக்குத் தலைகீழாகப் பார்த்தாலும் தெரியும். அந்த வரியை நான் படிப்பதற்குள் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

அவர் வண்டியேறிப் போன பிறகு எல்லோரையும் கூட்டி வைத்துப் பண்டிதர் மார்க் வாசித்தார். பெரகலைக்காரி தேறினாள். மற்ற இரண்டு பேரும் தேறினார்கள். பாக்கியத்தின் தாளை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மார்க் இல்லை. அடியில் நீலப் பென்சிலில் இப்படி இருந்தது:

‘விண்ணப்பதாரியின் கோரிக்கை நியாயமானது. ஆவன செய்க.’

தெரிந்தே செய்தாரா, பழக்க தோஷமா என்று எனக்கும் பாக்கியத்துக்கும் இன்றுவரை வழக்கு. நான் பழக்க தோஷம் என்கிறேன்.

மார்க் இல்லை என்றால் தேறவில்லை என்றுதான் எடுக்க வேண்டும் என்றார் பண்டிதர். பாக்கியம் என் கையைப் பிடித்தாள். நான் எழுந்து என்னவோ பேசப் போனேன். மிஸ்ஸியம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என்ன கோரிக்கை என்று தெரிய வேண்டாமா, முழுவதையும் வாசியுங்கள் என்றார். பண்டிதருக்கு நல்ல கணீர்க் குரல்.

‘எங்கள் தோட்டத்தில் மழை முதலில் நமுனுகுல மலையின் உச்சியில் இறங்கும். அது மலைக்குக் கீழே வந்து சேருவதற்குள் கொழுந்து எடுப்பவர்கள் ஓடிவந்து ஒதுங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் வண்டிக் கொட்டகையில் பாதிக்குத்தான் கூரை. மழை வந்தால் காளைகளை அந்தப் பாதியில் கட்டுவார்கள். காளைகள் உள்ளே வந்தால் பிள்ளைகள் வெளியே போக வேண்டும். ஆகையால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெயிற்காலத்து எழுத்துகள் மட்டும்தான் தெரியும்.’

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பண்டிதர் குரலைத் தாழ்த்தி வாலை வாசித்தார்.

‘ஆகவே அந்தக் கொட்டகையின் மறுபாதிக்குக் கூரையும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். ஆள் நான் இருக்கிறேன். இங்கே இன்னும் ஒரு வருஷம் படித்தால் வந்துவிடுவேன். அந்த ஒரு வருஷத்தையும் கூரையையும் தயவுசெய்து உத்தரவாக்க வேண்டும்.’

மிஸ்ஸியம்மா எழுந்து வந்து நீலப் பென்சில் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அப்புறம் அவருடைய சுத்தமான தமிழில் நிதானமாகச் சொன்னார்: “இந்தப் பெண் ஒரு வருஷம் கேட்டிருக்கிறாள். கொடுக்கச் சொல்லி உத்தரவு ஆகியிருக்கிறது. நான் உத்தரவை மீற மாட்டேன்.”

“அப்ப மார்க் எவ்வளவெண்டு போடுறது?” என்றார் பண்டிதர்.

“நீங்கள் போடுவதானால் எவ்வளவு போடுவீர்கள்?”

பண்டிதர் தாளை இன்னொரு முறை பார்த்தார். “பிழை பிடிக்க ஒண்டும் இல்லை. அதுதான் எனக்குக் கோவம்” என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். நாங்கள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. நான் பாக்கியத்தைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என்னைவிடக் கனம்; இரண்டு பேரும் விழுந்தோம்.

தகரத்தின் கீழே

உத்தரவில் பாதிதானே நிறைவேறியது, கூரை என்ன ஆயிற்று என்பீர்கள். மிஸ்ஸியம்மா அந்தத் தாளையே தோட்டத்துத் துரைக்கு அனுப்பிவைத்தார். கச்சேரி நீலப் பென்சிலைக் கண்டால் துரைமாருக்கும் கொஞ்சம் உதறல்தான். தகரம் வந்தது.

பாக்கியம் வேலைக்குப் போன மறுவருஷம் அவளைப் பார்க்க நமுனுகுலவுக்குப் போனேன். கொட்டகைக்குள் நான் கால் வைக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தகரத்தில் விழுந்த மழையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. காளைகள் இல்லை, அவற்றுக்கு வேறு இடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தில் பாடம் சொல்ல முடியாதாகையால், மழை வந்தால் வியாசம் என்று வைத்திருக்கிறாளாம். அதை என் காதில் வாயை வைத்துக் கத்திச் சொன்னாள். நான் ஒரு பெண்ணின் சிலேட்டை எட்டிப் பார்த்தேன். முதல் வரி, மகாராஜராஜஸ்ரீ டீச்சர் அவர்கள் சமூகத்திற்கு.

பாக்கியம் எழுந்து நின்று கையைத் தட்டினாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல், கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் காற்றில் ஒரு கிள்ளுக் கிள்ளிக் காட்டினாள். பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து எச்சில் தொட்டு முதல் வரியை அழித்தார்கள்.

கடைசி வரியை ஒரு பிள்ளையும் அழிக்கவில்லை. அழிக்கும்படி அவளும் சொல்லவில்லை.